அவள் சொல்லாமல் விட்ட வரிகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் நடந்தது இது. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பூர்வீகம் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். குரலும் பெரிது. எங்கள் சபையில் எல்லாரும் எழுந்து நின்று, எதையெல்லாம் நம்புகிறோம் என்று வரிவரியாக அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லும்போது என் குரல்தான் முன்னால் ஓடும். முதலில் முடிப்பதும் நான்தான். "ரயிலைப் பிடிக்கவா போறீங்க?" என்று பக்கத்தில் நிற்கும் என் மனைவி கிண்டல் செய்வாள்.

அந்த வருடம் என் மகளுக்குத் திடப்படுத்தல். கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தில் அவளுக்காக நாங்கள் கொடுத்த வாக்கை, வளர்ந்தபின் பேராயர் முன்னால் நின்று அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் பங்கு. எங்கள் வீடுகளில் இது கிட்டத்தட்ட ஒரு குட்டிக் கல்யாணம். வெள்ளைப் பட்டுப்புடவை எடுத்தாயிற்று. தங்கவயலிலிருந்து அக்கா குடும்பம் வருவதாகச் சொல்லிவிட்டது. பிரியாணிக்கும் ஆள் பேசியாயிற்று.

திடப்படுத்தலுக்கு முந்தின வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டாடி, நான் இந்த வருஷம் நிக்கல."

"எங்க நிக்கல?"

"சர்ச்சுலதான். விசுவாசிக்கிறேன்னு சொல்லணும் இல்ல? அதுல சிலது எனக்கு இன்னும் தெரியல டாடி. தெரியாததைத் தெரியும்னு சாமி முன்னாடி எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "எல்லாப் பசங்களும் சொல்லுதுங்க இல்ல? நீயும் சொல்லிட்டு வா, முடிஞ்சுது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் அழுதாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இது யார் வேலை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மிஷன் காலேஜ் என்று நம்பித்தான் அவளை அங்கே பி.யூ.சி.யில், அதாவது ப்ளஸ் டூவில், சேர்த்தோம். நான் படித்த காலத்தில் மிஷன் பள்ளியில் வேதபாட வகுப்பு என்று ஒன்று உண்டு. வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும், தடுமாறினால் முட்டியில் ஸ்கேல் விழும். இப்போது அந்த வகுப்பு இருந்த இடத்தில் 'திங்கிங் கிளாஸ்' என்று ஒன்று. அதைக் கேட்டுவிட்டு வந்து எங்களிடமும் கடை விரிப்பாள். எதையும் ஒருமுறை சந்தேகித்துப் பார்க்க வேண்டுமாம், அதற்குப் பிறகும் நிற்பதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். உண்மை என்பதே ஆளுக்கு ஆள் வேறு என்று சொல்கிற தத்துவமும் இருக்கிறதாம். வாத்தியார் பதில் சொல்லக் கூடாது, பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமாம். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டேன். வினை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபிறகுதான் உறைத்தது.

மறுநாள் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனேன். வெளியே கோபம்தான். உள்ளே இருந்தது பயம். எங்கள் சபையில் இப்படிக் கேள்வி கேட்க ஆரம்பித்து, பிறகு கிறிஸ்துமஸுக்குக்கூட எட்டிப் பார்க்காமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் பெண்ணும் அந்த வாசல் வழியாகப் போய்விடுவாளோ என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அந்த 'திங்கிங் கிளாஸ்' டீச்சர் நான் நினைத்ததைவிட இளவயது. கன்னடக்காரர். "கூத்கொள்ளி சார்" என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனதைக் கன்னடத்தில் கொட்டினேன். என் பெண்ணின் விசுவாசத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். சபையில் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்றும் கேட்டேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார். அவர் கன்னடத்தில் சொன்னதை எனக்குத் தெரிந்த அளவில் தமிழில் சொல்கிறேன்.

போன மாதம் வகுப்பில், 'சரி, தப்பு என்பதெல்லாம் அவரவர் கருத்துதான்' என்பதை ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றாராம். வகுப்பே கை தூக்கியது. என் பெண் மட்டும் தூக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு எழுந்து நின்று, "எங்க தாத்தா தங்கச் சுரங்கத்துல இருந்தவர். பாறை சரிஞ்சு ஒருத்தர் உள்ளே மாட்டிக்கிட்டா, அவரைக் காப்பாத்தணுமா வேணாமாங்கிறது மேலே நிக்கிறவங்க கருத்தா? அந்த ஆளு கடவுளோட சாயல். யாரு ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டியும் அது மாறாது" என்றாளாம். பையன்கள் 'பாஸ்டரம்மா' என்று கேலி செய்து மேசையைத் தட்டியிருக்கிறார்கள். இவள் உட்காரவே இல்லையாம்.

"நான் சாமி கும்பிடுறவ இல்ல சார்," என்றார் டீச்சர். "சந்தேகப்படுறதுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன், ஒத்துக்கிறேன். ஆனா கடவுள் முன்னாடி பொய் சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லிக் கொடுக்கல. அது உங்க வீட்டுல இருந்து வந்தது."

நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்தேன். தாத்தாவைப் பற்றியெல்லாம் நான் அவளிடம் உட்கார்ந்து பேசியதாகக்கூட நினைவில்லை. எப்போது காதில் போட்டுக்கொண்டாளோ.

காலேஜ் விடும்வரை வெளியே காத்திருந்து அவளை ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னேன்.

"நேத்து அப்படிக் கத்தினது தப்புதான். மன்னிச்சிடும்மா."

அவள் பின்னாலிருந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஹாரன் சத்தம் கேட்டபிறகுதான் சிக்னல் மாறியதைப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை உடுத்திய பிள்ளைகளெல்லாம் முன்வரிசையில் இருந்தார்கள். என் மகள் சாதாரண சுடிதாரில் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் நின்றாள். "பொண்ணு பயந்துட்டாளாடா?" என்று அக்கா காதைக் கடித்தாள். "இல்லக்கா, அவளுக்குத்தான் பயமில்ல" என்றேன். அக்காவுக்கு அது புரிந்திருக்காது.

விசுவாசப்பிரமாணம் தொடங்கியது. வழக்கம்போல ஓட ஆரம்பித்தவன், பக்கத்தில் அவள் குரல் கேட்கிறதா என்று வேகத்தைக் குறைத்தேன். முதல் வரியில் 'சர்வவல்லமையுள்ள' என்ற சொல்லுக்கு அவள் வாய் திறக்கவில்லை. பிறகு சிலுவைப்பாடு வந்த இடத்தில் மெதுவாகச் சேர்ந்துகொண்டாள். அடுத்ததை விட்டாள். சொல்ல முடிந்ததைச் சொல்லி, முடியாததை விட்டுவிட்டு வருகிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைசியில் பாவமன்னிப்பு என்ற இடம் வந்தபோது அவள் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி தெளிவாக வந்தது. நான், சிறுவயதிலிருந்து தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய வரிகள் மறந்துபோய் பாதியில் நின்றுவிட்டேன்.

அவள் இன்னும் திடப்படுத்தலுக்கு நிற்கவில்லை. புடவை பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் என் பக்கத்தில்தான் நிற்கிறாள். சில வாரங்களில் ஒரு வரி புதிதாகச் சேர்கிறது, சில வாரங்களில் பழையது ஒன்று விழுந்துவிடுகிறது. நான் எதுவும் கேட்பதில்லை. இப்போதெல்லாம் சபையில் கடைசியாக முடிப்பவன் நான்தான். ஒன்றிரண்டு வரிகளில் என் குரலும் இறங்கிவிடுகிறது, மனைவி கிண்டல் செய்வதில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்கும் அந்த வரிகளில்கூட என் மகள் கடவுள் முன்னால் உண்மையாகத்தான் நிற்கிறாள் என்பதே இன்றைக்கும் எனக்குப் பெரிய ஆறுதல்.