பாங்கு நேரத்தில் குறையாத சத்தம்

உலகத்தில் சண்டையும் போரும் மதத்தால்தான் வருகிறதா என்று பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்காக என்னைக் கேட்டாய். "நீங்கதானே எல்லா சாமிக்கும் மைக் கட்டுறீங்க, உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றாய். வேலை இருக்கு, அம்மாவைக் கேளு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். வேலை ஒன்றும் இல்லை. பதில் சொன்னால் ஒரு சால்வையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

ஆம்ப்ளிஃபயர் மேல் தூசு படாமல் மூடி வைத்திருக்கிறேனே, சரிகை போட்ட சால்வை, அதுதான். "கோயில்ல குடுத்ததை ஏம்பா போர்த்திக்க மாட்டேங்கறே?" என்று உன் தம்பி ஒருநாள் கேட்டான். அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போட்டி முடிந்துபோய்விட்டது. பரவாயில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பிரேசர் டவுனில் நம் தெரு முனை அம்மன் கோயிலுக்கு ஆடியில் மைக் செட் கட்டுவேன். மாதா திருவிழாவுக்கும் கட்டுவேன். பள்ளிவாசலில் விசேஷம் என்றால் சீரியல் லைட்டும் நம்முடையதுதான். இதில் ஒரு பழக்கம் உண்டு. கோயிலில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஆரம்பித்தால் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். முடிந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஜனங்களுக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியாது. என் கை தானாகவே குறைக்கும், ஏற்றும்.

போன வருஷம் ஆடியில், கூழ் ஊற்றுவதற்கு முந்தின சாயங்காலம், அந்தக் கை மெஷினில் இல்லை. கோயிலுக்கு எதிரே, பள்ளிவாசல் பக்கத்து டீக்கடையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கடை பாயை உங்களுக்கும் தெரியும், உங்களுக்கு வர்க்கி பிஸ்கட் கொடுப்பாரே, அவர்தான். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "வா சவுண்டு" என்பார். கேட்காமலே சர்க்கரை கம்மியாகப் போட்டுத் தருவார். அன்றைக்கு அவர் போனில் கிரிக்கெட். கடைசி ஓவர்.

"நீ போய் பாட்டைப் பாரு, நான் ஸ்கோர் சொல்றேன்."

"இருங்க பாய், ரெண்டு பால்தான்."

பாங்கு ஆரம்பித்தது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. அவர் கடையிலேயே விழவில்லை என்றால் பார்த்துக்கொள். கோயில் ஹாரனில் அம்மன் பாட்டு முழுச் சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது.

கூச்சல் கேட்டுத்தான் திரும்பினோம். தொழுகைக்கு வந்தவர்களில் நாலைந்து பேர் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். நம் பக்கத்துப் பையன்கள் ஓடிவந்தார்கள். யார் முதலில் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தனுக்கு நெற்றி பிளந்துவிட்டது. கூட்டம் அப்படியே பின்னால் சாய்ந்து பாய் கடை மேல் விழுந்தது. பாய்லர் உருண்டது, கண்ணாடி ஜாடி எல்லாம் நொறுங்கியது. தரையெல்லாம் பாலும் பிஸ்கட்டும்.

பாய் கடையைக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் போய் நின்று கத்தினார். "அல்லாவுக்காகக் கேளுங்கப்பா! அவன் வேணும்னு குறைக்காம விடல. என் கடையில உக்காந்து மேட்ச் பாத்துட்டு இருந்தான்!"

அவர் ஆட்களில் ஒருத்தர், "நீ யாருக்குப் பரிஞ்சுகிட்டு வர்றே?" என்று அவரைத் தள்ளினார். நம் பக்கத்தில் ஒருத்தன் சிரித்தான். "அம்மன் பாட்டை விட்டுட்டு நம்ம அண்ணன் பாய் கடையிலயா கிரிக்கெட் பாப்பாரு? நல்லா ரீல் சுத்துறே பாய். நீயே சொல்லுண்ணா, வேணும்னுதானே விட்டே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாயும் பார்த்தார்.

ஆமாங்க, அவர் சொல்றது நெசம். அவ்வளவு சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. பயமும்தான். ஆனால் பயத்தைவிட வெட்கம் அதிகம். இவ்வளவு பெரிய சண்டைக்குக் காரணம் ஒரு டீயும் கிரிக்கெட்டும் என்று எப்படிச் சொல்வது? நான் தலையைக் குனிந்தேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். விசில் அடித்தார்கள்.

மறுநாள் கூழ் ஊற்றி முடிந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, தைரியசாலி என்று சொல்லி அந்தச் சால்வையைப் போர்த்தினார். நீங்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை. அப்போதுகூட மைக் என் கையில்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து தலைவர் வீட்டுக்குப் போய், நடந்தது இதுதான் என்று சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "டீ குடிக்கப் போனியா? சரிதான் போ. இதை வெளியில சொல்லிடாதே, நம்ம மானம் போயிடும்." சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

பாய் மறுபடியும் கடை போட்ட அன்றைக்கே போனேன்.

"சொல்லிட்டேன் பாய்."

"யாருகிட்ட?"

"தலைவர்கிட்ட."

"தனியாவா?"

"ம்."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தானே கேட்டாங்க." டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "டீயா? சர்க்கரை எவ்வளவு போடட்டும் சார்?"

சார் என்றார். அதற்குப் பதில் அவர் என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பெரிய போர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நம் தெருச் சண்டையைத்தான் தெரியும். அதில் பாட்டும் தப்புச் செய்யவில்லை, பாங்கும் தப்புச் செய்யவில்லை. அதனால் மதத்துக்கு அதில் பங்கே இல்லை என்று உன்னிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பொய். கல்யாண வீட்டு மைக்காக இருந்தால் "ஏய், சவுண்டைக் குறைப்பா" என்று ஒருத்தர் திட்டியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். சாமி விஷயம் என்றதும் இரண்டு பக்கமும் என்னைக் கேட்பதற்கு முன்னாலேயே பதிலை வைத்திருந்தார்கள். நெருப்பு என் சோம்பேறித்தனத்தில் விழுந்தது. அதை ஊதுவதற்கு மதம் கிடைத்தது. அணைக்க என் வாயில் தண்ணீர் இருந்தது, நான் துப்பவில்லை. இதில் எதை நீ காரணம் என்று சொல்வாய்? எனக்கு என் பங்குதான் நன்றாகத் தெரிகிறது.

இந்த வருஷம் ஆடிக்கு நீங்கள் மாமா வீட்டுக்கு ஓசூர் போயிருந்தீர்கள். முதல் நாள் சாயங்காலம் மைக் டெஸ்ட் பண்ணும்போது, ஹலோ ஹலோ என்பதற்குப் பதிலாக அதைச் சொன்னேன். போன வருஷம் நான் வேண்டுமென்று சத்தத்தைக் குறைக்காமல் விடவில்லை, பாய் கடையில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் சொன்னதுதான் உண்மை, சொல்லாமல் இருந்தது என் தப்பு. யாரும் கை தட்டவில்லை. ஒருத்தன், "அண்ணனுக்குத் தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு" என்றான். தலைவர் அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

பாங்கு நேரத்துக்குச் சத்தத்தைக் குறைத்தேன். முடிந்ததும் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனேன்.

"கேட்டுச்சா பாய்?"

"நீங்க கட்டின ஹாரன் சார், கேக்காம இருக்குமா? உக்காருங்க."

அந்த சார் இன்னும் போகவில்லை. ஆனால் டீயை வைத்தார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை. குடித்துப் பார்த்தேன், கம்மியாகத்தான் இருந்தது.