முதலிடம் வந்தால்தான் முழுப்பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வரும் அந்தப் பத்துப்பாட்டு நிகழ்ச்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொகுத்து வழங்குகிற பெண்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பத்தாம் இடத்தில் ஆரம்பித்து முதலிடத்தில் முடிப்பார்கள். முதலிடத்தைப் பிடித்த பாட்டை மட்டும் முழுசாகப் போடுவார்கள். மற்றதெல்லாம் பல்லவியோடு சரி, உடனே விளம்பரம். இந்த விதியைப் போட்ட புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.

என் தங்கையைப் போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு ராமநாதபுரத்துப் பக்கம், இங்கே பலசரக்குக் கடை. நான் ஆபீஸ் வேலையில் அதே ஊரில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தேன். அப்பா போனபிறகு அம்மா மட்டும் கப்பலில் போகவேண்டிய கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்து வீட்டில். சிலோனிலிருந்து ஒரு கப்பல், மெட்ராஸிலிருந்து ஒரு கப்பல் என்று ஏறி வந்தவள். "இந்த ஜென்மத்துக்கு ஏறுன கப்பல் போதும், என்னைய இனிமே கூப்பிடாதீங்க" என்று அங்கேயே இருந்துவிட்டாள்.

தங்கைக்கு வயிற்றில் வந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. செய்தி கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே புலம்பல். "நல்லா இருக்கேம்மா" என்று தங்கை சொன்னால், "போன்ல எல்லாருந்தான் நல்லா இருக்காங்க. எனக்கு அவ எந்திரிச்சு நடக்குறதப் பாக்கணும்" என்று என்னிடம் சொல்வாள். ஒருமுறை நான் லீவு போட்டுப் போனபோது போட்டோ எடுத்துப் போனேன். பார்த்துவிட்டு, "போட்டோவுக்குச் சிரிக்கத் தெரியாதவ யாரு" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்போதெல்லாம் கட்சாலில் போன் கிடைப்பதே பெரும்பாடு. வீடியோவில் முகம் பார்ப்பதை நினைக்கவே முடியாது.

மாப்பிள்ளையிடம் எத்தனையோ தடவை கேட்டேன். "மதினி, போறதுக்குக் கப்பல் இருக்கு. திரும்பி எப்ப வரும்னு அந்தக் கப்பலுக்கே தெரியாது. அதுவரைக்கும் அம்மாவுக்கு யாரு சமைக்கிறது?" என்பார். அவருடைய அம்மா கல்லை விழுங்கினாலும் செரிக்கும் உடம்புக்காரி. காலையில் எழுந்து மார்க்கெட்டுக்கு நடந்தே போய் மீன் வாங்கி வருவாள். சோறு வடிக்க மட்டும் மருமகள் வேண்டும். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத் தோன்றும். பெண்ணைக் கொடுத்த வீடு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மெயின்லேண்டிலிருந்து ஒரு சினிமாக் கூட்டம் பாட்டு எடுக்க வந்தது. கூட ஆட வந்த பெண்களில் பாதிப் பேர் படகில் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார்கள். அவசரத்துக்கு எங்கள் கோயில் திருவிழாவில் கும்மி ஆடுகிற பெண்களைக் கூப்பிட்டார்கள். தங்கையும் போனாள். மாமியார் எப்படி விட்டாள் என்று கேட்பீர்கள். துணைக்குப் போகிறேன் என்று அவளும் கிளம்பிப்போய், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பெனி பிரியாணியைச் சாப்பிட்டு வந்தாள். தங்கைக்கு மஞ்சள் தாவணி. இடது ஓரத்தில் நிற்க வைத்தார்கள். இரண்டாவது சரணத்தில் கேமரா கிட்டே வந்து, ஓரத்தில் நிற்கிறவள் முகமும் தெரிகிற மாதிரி எடுத்தார்களாம். அம்மாவுக்கு இதைச் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஆடுறதக் காட்டுவாங்களா?"

பாட்டு ஒன்பதாம் இடத்தில் நுழைந்தது. அம்மா பக்கத்துவீட்டு டிஷ் டிவியின் முன்னால் காலையிலேயே போய் உட்கார்ந்திருக்கிறாள். பல்லவி முடிந்தது, கதாநாயகி தலையை உதறினாள், சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. போதாக்குறைக்கு அந்தத் தொகுப்பாளினி, "வெளிநாட்டுத் தீவுல எவ்ளோ அழகா ஷூட் பண்ணியிருக்காங்க பாருங்க" என்றாள். வெளிநாடாம். ரேஷன் கார்டும் ஓட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் எந்த நாட்டில் குடியிருக்கிறோம்? அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள். யாருமே திருத்தவில்லை.

அந்தப் பாட்டை வேறு நேரங்களிலும் போட்டார்கள். ஆனால் எந்த நாளில், எந்த மணிக்கு என்று யாருக்குத் தெரியும்? அம்மா தோட்டத்தில் நிற்பாளா, அடுத்தவர் வீட்டு டிவிக்குக் காவல் இருப்பாளா? ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நிச்சயம். அதில் இரண்டாவது சரணம் வரவேண்டுமென்றால் பாட்டு முதலிடத்துக்கு வந்தாகவேண்டும்.

அதற்கு எஸ்எம்எஸ் ஓட்டு போடவேண்டும். போட்டோம். குவார்ட்டர்ஸில் ஒரு வீடு விடவில்லை. எதிர்வீட்டுப் பெங்காலி அக்கா, "காணா கைசா ஹை?" என்று கேட்டாள். பாட்டு எப்படியோ போகட்டும், என் தங்கை ஆடுகிறாள் என்று ஹிந்தியில் சொன்னேன். "தோ பஸ்", அது போதுமே என்று தன் போனை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். கீழ்வீட்டுத் தெலுங்குக்காரர் அவர் ஆபீஸ் முழுக்கப் போடச் சொன்னார். தமிழில் ஒரு எழுத்துத் தெரியாதவர்கள் எல்லாம் ஒரு தமிழ்ப்பாட்டுக்கு ஓட்டுப் போட்டார்கள். தொகுப்பாளினியோ ஓட்டுப் போட்ட ஊர்களுக்கு நன்றி என்று சேலம், மதுரை, கோவை என்று வாசித்தாள். போர்ட் பிளேர் என்ற பேர் அவள் வாயில் வரவே இல்லை. நான் டிவியைப் பார்த்துத் திட்டிய திட்டில் பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

எங்கள் ஓட்டோ, சேலத்து ஓட்டோ, பாட்டு மெல்ல மெல்ல ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதற்கடுத்த ஞாயிறு நான் கராச்சர்மாவுக்குப் பஸ் பிடித்துப் போய்விட்டேன். மாமியார் டிவிக்கு நேராகக் கட்டிலில் இருந்தாள். தங்கை அடுப்படி வாசலில் நின்றாள். மாப்பிள்ளை கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஏனோ தானாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலிடம். முழுப்பாட்டு. இரண்டாவது சரணம் தொடங்கும்போது திரையின் இடது பக்கத்தில் ரோஜாப்பூ வைத்த ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. அதற்குள் தங்கையின் கல்யாணப் போட்டோ. ‘எங்கள் வீட்டு நட்சத்திரத்துக்கு வாழ்த்துகள்’ என்று எழுதி, கீழே கடைப் பெயர். லோக்கல் கேபிள்காரனிடம் மாப்பிள்ளை சொல்லிவைத்த ஏற்பாடு. பெட்டி போவதற்குள் சரணமும் போய்விட்டது. கதாநாயகி தெரிந்தாள், கடல் தெரிந்தது, தங்கை இருந்த இடத்தில் ரோஜாப்பூ தெரிந்தது.

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு செஞ்சேன் மதினி" என்றார் மாப்பிள்ளை. முகம் செத்துப்போயிருந்தது.

"கேபிள் ஆபீஸுக்குப் போக நேரம் இருக்கு, போட்டோ குடுக்க நேரம் இருக்கு. கட்சாலுக்கு அவளக் கூட்டிட்டுப் போக மட்டும் உங்களுக்கு நேரம் இல்ல, என்ன தம்பி?" என்று கேட்டே விட்டேன். இத்தனை நாள் அடக்கியது. மாமியார் என்னை முறைத்தாள். முறைக்கட்டும் என்று நானும் பார்த்தேன்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்கு டிஷ்தானேக்கா. அங்க இந்தப் பெட்டி வராதுல்ல" என்று மட்டும் கேட்டாள். வராது என்றேன். எங்களுக்குப் போனாலும் போகட்டும், பார்க்கவேண்டியவள் பார்த்தால் சரி.

கொஞ்ச நேரத்தில் அம்மாவே கூப்பிட்டாள். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்தேன் புள்ள. கண் குளிரப் பாத்தேன்" என்றாள் அம்மா. "நடுவுல, செவப்புத் தாவணி. நல்லா சதை போட்டிருக்க. கன்னமெல்லாம் உப்பி, என்னா ஆட்டம். என் வயித்துல பால வாத்துட்ட."

சிவப்புத் தாவணி மெயின்லேண்டிலிருந்து வந்தவள். வாந்தியெடுக்காமல் தப்பித்த நாலு பேரில் ஒருத்தி. நான் போனைப் பிடுங்கப் போனேன். தங்கை என் கையைத் தள்ளிவிட்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "நான்தான்."

இப்போது கடலுக்கடியில் கேபிள் போட்டு இன்டர்நெட் வந்துவிட்டது. அந்தப் பாட்டை நினைத்தபோது போனில் பார்க்கலாம். பார்த்தேன். இடது ஓரத்தில் மஞ்சள் தாவணி இருக்கத்தான் செய்கிறது. தோள் எலும்பு துருத்திக்கொண்டு, கன்னம் ஒட்டிப்போய். பெற்றவள் அந்த உருவத்தைத் தாண்டித்தான் நடுவில் தேடியிருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

அன்றைக்குப் போனை வைத்ததும் மாமியார், "அதான் சம்பந்தி பாத்துட்டாங்கல்ல. இனி என்ன, சோத்தப் போடு" என்றாள்.

"அது நான் இல்ல அத்தை" என்றாள் தங்கை. சத்தமே இல்லாத குரல். மாப்பிள்ளையிடம் திரும்பி, "நாளைக்குக் கவுண்டர்ல போய் டிக்கெட் எடுங்க. உங்களால முடியாதுன்னா அக்கா எடுப்பா" என்றாள்.

"கப்பல் திரும்ப எப்ப..." என்று அவர் ஆரம்பித்தார்.

"எப்பத் திரும்புதோ அப்பத் திரும்புறேன்."

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அவள் டிவியைப் பார்த்தாள். நான் பையை எடுத்தேன், அப்போதே கிளம்பச் சொன்னாலும் கிளம்புவேன் என்ற வேகம். தங்கை என் பக்கம் வந்து மெதுவாக, "அம்மாகிட்ட எதையும் சொல்லிடாதக்கா. எப்படியும் கப்பல் கிடைக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும்ல, அதுக்குள்ள ஒடம்பத் தேத்திக்கலாம்" என்றாள்.

அப்புறம் அடுப்படிக்குப் போய் ஒரு தட்டு எடுத்தாள். அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறவள். சோற்றைப் போட்டு, குழம்பில் இருந்த பெரிய மீன் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, மாமியாருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.