வெக்ஸ்போர்ட்டில் கேட்ட மூன்றாம் சரணம்

காலை ஒன்பது மணிக்கு மகன் என்னைக் கிப்ளிங் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டான். "வார்டன்ல இறங்கி, வடக்கே போற அறுபத்தெட்டாம் நம்பர் பஸ் பிடிங்க. லாரன்ஸ்ல இறங்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதனைப் பாலர் பள்ளிக்கு அனுப்புவது போல. மகன் வீடு இருக்கும் மிசிசாகாவிலிருந்து டொராண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதிக்குக் காரில் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் அவனுக்கு விமான நிலையத்தில் வேலை. கட்டணம் மூன்று டாலர் முப்பது சென்ட்; அதிலேயே பஸ்ஸுக்கும் மாறிக்கொள்ளலாம். நாகர்கோவிலில் இந்தக் காசுக்கு மீன் சாப்பாடே சாப்பிட்டுவிடலாம்.

நான் தேடிப் போனது பாட்டு எழுதிய ஒருவரை. எங்கள் சபைப் பாட்டுப் புத்தகத்தில் 'கேட்குமுன் தந்தீரே, நன்றி' என்று ஒரு பாட்டு உண்டு. இரண்டே சரணம். அடியில் 'இயற்றியவர் தெரியவில்லை' என்றிருக்கும். அது இல்லாமல் எங்கள் ஊரில் அடக்க ஆராதனை கிடையாது. பாடகர் குழுவில் அடிக்குரல்காரனாக நின்று எத்தனையோ பேரை அதைப் பாடி வழியனுப்பியிருக்கிறேன். போன வருடம் என் மனைவியின் பெட்டியை இறக்கும்போதும் குழு அதைத்தான் பாடியது. எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு கோபம். எடுத்துக்கொண்டு போகிறவருக்கு எதற்கு நன்றி? அன்றோடு சரி, வேறு எந்தப் பாட்டும் எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். எழுதியவர் டொராண்டோவில் தங்கள் சபையில்தான் இருக்கிறார் என்று மகனோடு வேலை செய்பவர் சொன்னதும், நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று புறப்பட்டுவிட்டேன்.

வார்டன் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், ஓர் இலங்கைத் தமிழர், மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு இருந்தார்.

"அண்ணை இந்தியாவோ? இஞ்சை ஆரிட்டைப் போறியள்?"

"பாட்டு எழுதினவங்க ஒருத்தரப் பாக்கப் போறேன்."

"சினிமாவுக்கோ?"

"சபைப் பாட்டுங்க."

"நான் சைவ சமயம் அண்ணை. ஆனா கிறிஸ்மஸ் கேக் எண்டால் விடமாட்டன்" என்று சிரித்தார். லாரன்ஸ் வந்ததும் எனக்காக மணியடித்து, "உந்த உயரமான பில்டிங்தான்" என்று கையையும் காட்டினார். பனி கரைந்து நடைபாதையெல்லாம் சேறு. முருங்கைக்காய்க்காரர் நன்றாக இருக்கட்டும்.

பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினேன். பாட்டை எழுதிய கிரேஸ் அக்காவுக்கு எழுபது தாண்டியிருக்கும். மருத்துவமனைச் சமையலறை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். "வாங்கோ தம்பி, முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்று, மீனை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் தட்டை நகர்த்தினார். சண்டைக்குப் போனவன் வாய் நிறைய றோல்ஸோடு உட்கார்ந்திருந்தேன். விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"எங்க ஊர்ல உங்க பாட்ட அடக்கத்துக்குத்தான் பாடுவோம், அக்கா."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "செத்த வீட்டிலையோ? ஐயோ கர்த்தரே! அது என்ரை மகனுக்கு ஞானஸ்நானம் குடுக்கேக்கை எழுதின பாட்டெல்லோ!"

அவர் கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம். அகதி மனுவுக்குப் பதில் வராத நேரம். உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டே வரிகளைக் கோத்திருக்கிறார். இந்தியாவிலிருந்து வந்த போதகர் ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டு போனாராம்.

"மூண்டாம் சரணத்திலை பிள்ளையின்ரை பேர் வரும். ஊருக்கு உதவாதெண்டு அவர் அதை விட்டிட்டார் போலை. இஞ்சை எங்கடை சபையிலை இப்பவும் பாடுறம். பிள்ளையை ஆர் ஏந்தியிருக்கினமோ, அவைதான் பேரைப் பாடவேணும்."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "என் வீட்டுக்காரிக்கும் இதத்தான் பாடினாங்க. எடுத்தவருக்கு எதுக்கு நன்றின்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார். "எடுத்ததுக்கு நான் நன்றி எழுதேல்லைத் தம்பி. எழுதவும் மாட்டன். என்ரை மனுசனைக் கொண்டுபோனதுக்கு எனக்கு இன்னும் கோவம்தான். தந்ததுக்கு மட்டும்தான் எழுதினனான். மனிசியின்ரை பேரென்ன?"

"பொன்மணி" என்றேன். சொன்ன பிறகு எனக்கே அந்தச் சொல் புதிதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. 'இந்தா' என்பேன், 'உங்க அம்மா எங்கல' என்று பிள்ளைகளிடம் கேட்பேன். அவள் பேர் ரேஷன் கார்டுக்கும் சபைப் பதிவுக்கும்தான்.

அக்கா மேசையில் தாளம் தட்டத் தொடங்கினார். எங்கள் ஊர் வேகத்துக்கு இரண்டு மடங்கு. கைதட்டிப் பாடுகிற மெட்டு. இரண்டு சரணம் தாண்டி மூன்றாவது வந்ததும் மகன் பேரோடு ஒருமுறை பாடிக் காட்டினார். மறுமுறை குரலை நிறுத்தினார், தாளத்தை நிறுத்தவில்லை. பேர் வருகிற இடம். என்னைப் பார்த்தார்.

"பொன்மணி என்றழைக்க ஓருயிர் தந்தீரே, நன்றி."

பாடிவிட்டேன். குரல் கரகரத்தது, சுருதியும் சேரவில்லை. ஆனாலும் அழுகையோடு அழுகையாக அந்த அடியைத் திரும்பவும் பாடினேன். அக்காவும் சேர்ந்துகொண்டார். அடுத்து அவருடைய கணவரின் பேரை வைத்து அதே அடியை அவர் பாடினார், நான் அடிக்குரல் கொடுத்தேன்.

சாயங்காலம் கிப்ளிங் போகிற ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றேன். கால் வலித்தது, மனசு நிறைந்திருந்தது. கர்த்தரோடு என் வழக்கு முடியவில்லை. ஆனால் அவள் இருந்த வருடங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இப்போது வாய் இருக்கிறது. ஊருக்குப் போனதும் கல்லறைத் தோட்டத்தில் மூன்று சரணமும் பாடச் சொல்வேன். பேரை அந்தந்த வீட்டுக்காரர்தான் பாடவேண்டும். குரல் எழும்பாதவர்களுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொள்கிறேன்.