கொதித்த யோகட்

வட்டவளைக்குக் கீழேயுள்ள தோட்டமொன்றின் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் ஆண்டியப்பன் இருபத்தாறு வருடமாகத் தேயிலை சலிக்கிறார். அந்தத் தோட்டத்துத் தேயிலையை அவரளவுக்கு உட்கொண்டவர் எவருமில்லை. எல்லாம் மூக்கு வழியாக. நீண்டகால சேவைக்குப் பரிசாக மூச்சிழுப்பு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பம்பைக் காலையும் மாலையும் இழுத்து, மூச்சுவிடும் உத்தியோகத்தையும் சேர்த்தே பார்த்துவந்தார்.

பங்குனியில், சலிக்கும் அறையின் தூசியை வெளியே தள்ளும் ஃபேன் நின்றுபோனது. நிர்வாகம் ஆழ்ந்து யோசித்துத் தினமும் ஆளுக்கொரு கப் யோகட் வழங்கியது.

"இதுல கோடிக்கணக்குல நல்ல கிருமி உயிரோட இருக்கு. எதிர்ப்புச் சக்தி வந்துட்டா தூசி ஒங்கள ஒண்ணும் பண்ணாது," என்றார் ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா. போட்டோவும் எடுத்தார்கள்.

லயத்து வீட்டில் மனைவி நாகலெட்சுமி கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இழுப்பு உள்ள ஆளுக்கு இந்தக் குளிருல யோகட்டா? கிருமி வேற உயிரோட இருக்காம். கொதிக்க வச்சுத் தாரேன், குடிங்க."

"நல்ல கிருமின்னாங்க புள்ள."

"நல்லதோ கெட்டதோ, மலையிலருந்து வர்ற பீலித் தண்ணியவே கொதிக்க வச்சுத்தான குடிக்கிறோம்?"

இந்த வாதத்தை மறுக்க ஆண்டியப்பனிடம் மூச்சில்லை. திரிந்துபோன அந்த வெள்ளைக் கஷாயத்தைத் தினமும் விழுங்கினார். ஒரு மருந்து இன்னொன்றை முறித்துவிடக் கூடாதென்று பம்பை நிறுத்தினார்.

பன்னிரண்டாம் நாள் சலிக்கும் மெஷினடியில் உதடு நீலம் பாரித்துச் சாய்ந்தார். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"யோகட் சாப்பிடுங்க, நல்லதுதான். ஆனா இழுப்புக்குப் பம்புதான் மருந்து. அத நிப்பாட்டாதீங்க. அந்தத் தூசியிலயும் நிக்காதீங்க," என்ற டொக்டர், அதையே கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தைக் கையில் வாங்கிய டீமேக்கர் ஐயா அதைப் பிரிக்கவில்லை.

"யோகட்ட ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"கொதிக்க வச்சுங்க, ஐயா."

டீமேக்கர் ஐயாவின் முகத்தில் வெளிச்சம் பரவியது.

"அதான! கிருமியப் பூரா கொன்னுட்டு ஸ்டோர் மேல பழி போடுறீங்களே!"

விசாரணை அத்துடன் முடிந்தது. குற்றவாளி நாகலெட்சுமியின் அடுப்பு என்று தீர்ப்பானது.

ஆண்டியப்பனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. பம்பை எடுத்து இரண்டு தரம் இழுத்தார். டீமேக்கர் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். கிடைத்த மூச்சில் இரண்டு சொல்தான் தேறின.

"ஃபேன்... ஐயா."

"போய் வேலையப் பாருங்க. நாளையிலருந்து என் கண்ணு முன்னாலயே யோகட் சாப்பிடணும்."

உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. ஆண்டியப்பன் துண்டால் வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூசிக்குள் போனார்.