ஜன்னலக்கா வலது பக்கம் உட்கார்ந்தாள்

எங்கள் குழுவில் அவளுக்கு ஜன்னலக்கா என்று பெயர். விமானம் வந்து நின்று பயணிகள் இறங்கியதும் நாங்கள் பின்பக்கப் படி வழியாக ஏறுவோம். குப்பை பொறுக்க ஒருத்தி, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையைத் துடைக்க ஒருத்தி, பெல்ட்டை மடித்து வைக்க நான். ஜன்னல் எல்லாம் அவளுடையது. நாங்கள் ஷட்டர் என்று சொல்லும் அந்தத் திரையை ஒவ்வொன்றாகக் கீழே இழுப்பாள், மேலே தள்ளுவாள். எவனாவது இடுக்கில் சூயிங்கத்தை ஒட்டி வைத்திருந்தால் அவன் வம்சத்தையே வைதபடி சுரண்டி எடுப்பாள். பிறகு தோளில் கிடக்கும் மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைப்பாள்.

கண்ணாடியில் இருப்பது பெரும்பாலும் நெற்றித் தடம்தான். வெளியே பார்க்கிற ஆசையில் தலையை முட்டி வைத்திருப்பார்கள். "பாருடி, இது குழந்தை. இது பவுடர் போட்ட ஆளு. இவன் எண்ணெயை வழிய விட்டுக்கிட்டு தூங்கியே வந்திருக்கான், இவனுக்கு எதுக்கு ஜன்னல்?" என்று சொல்லிக்கொண்டே துடைப்பாள். இத்தனை வருஷமாக ஊரார் நெற்றியைத் துடைத்தவள் ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. நானும்தான் பறந்ததில்லை. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. அவளுக்கு ஆறாத குறை. "நகராத விமானத்துலயே என் காலம் போயிடும்போல" என்பாள்.

அவள் வீட்டுக்காரருக்கும் அதே விமான நிலையத்தில்தான் வேலை. கைகாட்டி என்றால் எல்லாருக்கும் தெரியும். உள்ளே வரும் விமானத்துக்கு நேர் எதிரே நின்று இரண்டு கைகளாலும் வா, வா, நில் என்று காட்டுவார். கிளம்பும் விமானத்தை இழுவை வண்டி பின்னுக்குத் தள்ளிவிட்டதும், ஓரமாக நின்று கையைத் தூக்கி, போகலாம் என்று விமானிக்குக் காட்டுவார். ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் அவருக்குக் கையாட்டும். மற்ற ஆட்கள் திருப்பி ஆட்டுவார்கள். இவர் ஆட்டியதே இல்லை. "என் கையைப் பார்த்துத்தான் அவ்வளவு பெரிய வண்டி நகருது. அதை வெச்சு வேடிக்கை காட்ட முடியாது" என்பார். வீம்பு பிடித்த மனுஷர். பெண்டாட்டியும் அதே ரகம். யாரோ பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

வேறொரு ஊரில் புதிதாக விமான நிலையம் திறந்தார்கள். அங்கே துப்புரவுக் குழுவுக்கு ஆள் சேர்த்து வேலை பழக்க ஒரு தலைவி வேண்டும், ஒரு வருஷம் அங்கேயே தங்க வேண்டும் என்று எங்கள் மேலாளர் கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே ஜன்னலக்கா சரி என்றுவிட்டாள். கையோடு என்னையும் இழுத்துக்கொண்டாள். வீட்டில் அப்புறம்தான் சொன்னாள்.

கைகாட்டி சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மனுஷர் பேச்சை நிறுத்திவிட்டார். தன் தட்டைத் தானே கழுவினார், தன் சீருடைக்குத் தானே இஸ்திரி போட்டார், அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஜன்னலக்கா அழவில்லை என்று சொன்னால் பொய். நாங்கள் துணி அலசும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, "அழுதாலும் போவேன்டி" என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வாயைத் திறந்தார். நானும் அங்கேதான் இருந்தேன், அவள் பெட்டியை மூட முடியாமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்கு உன் விமானத்துக்கு நான்தான் கைகாட்டணும்" என்றார்.

"தெரியும்."

"எனக்கு இன்னும் மனசு ஒப்பலை. ஒப்பிச்சுன்னா உன்னைப் பார்த்துக் கையாட்டுவேன். இல்லைன்னா விமானிக்குக் காட்டிட்டு என் பாட்டுக்குப் போயிடுவேன். பொய்யா ஆட்ட மாட்டேன்."

"ஆட்டலைன்னாலும் நான் போவேன்."

"அதுவும் தெரியும்."

அப்புறம் அவள்தான் கேட்டாள். "எந்தப் பக்கம் நிப்பீங்க?"

"வலது பக்கம்."

"அப்ப நான் வலது பக்கம் ஜன்னல் கேட்டு வாங்கிக்கிறேன். எந்த ஜன்னல்னு தெரிய என் மஞ்சள் துணியைக் கண்ணாடியில ஒட்டிப் பிடிக்கிறேன். அதைப் பார்த்துட்டு ஆட்டுறதுன்னா ஆட்டுங்க."

மறுநாள் காலையில் முன்வாசல் வழியாக, பயணிகளோடு பயணிகளாக ஏறினோம். வலது பக்கம் ஜன்னலோரம் அவள், நடுவில் நான். அந்த ஷட்டரைப் பழக்க தோஷத்தில் ஒரு தடவை கீழே இழுத்து மேலே தள்ளிப் பார்த்தாள். துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

என் மறுபக்க இருக்கைக்குக் கழுத்தில் தலையணை மாட்டிய ஒருவர் வந்தார். உட்கார்ந்த கையோடு ஆரம்பித்துவிட்டார். "அம்மா, நான் ராத்திரியெல்லாம் தூங்கலை. ஜன்னல்ல சாஞ்சா ஒரு தூக்கம் போட்டுடுவேன். இடம் மாறிக்கலாமா?"

"முடியாதுங்க" என்றாள் ஜன்னலக்கா.

"வெளியில என்னம்மா பெருசா இருக்கு? மேகம்தான்."

"எனக்கு மேகம் வேண்டாம். தரையைத்தான் பார்க்கணும்."

அவர் விடுகிற ஆள் இல்லை. வெயில் அவர் முகத்தில் அடிக்கிறதாம், ஷட்டரையாவது இறக்கச் சொன்னார். கேட்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரு தடவை கேட்கலாம். முடியாது என்றால் விட்டுவிட வேண்டும். ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ ஷட்டர் அவர்கள் பொறுப்பு. இதற்குப் படிப்பு வேண்டாம், நாகரிகம் போதும். எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா என் தொடையில் கிள்ளி அடக்கினாள்.

"விமானம் மேல ஏறினதும் இறக்கிடுறேங்க. அதுவரைக்கும் இது திறந்துதான் இருக்கும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதற்கு மேல் பேச இடம் வைக்கவும் இல்லை.

பணிப்பெண் வந்து, இடது பக்கம் இதே வரிசை காலியாக இருக்கிறது என்று அவரை அங்கே அனுப்பினாள். அவர் அந்த ஜன்னலில் சாய்ந்தார். கிளம்பும்போது திறந்திருக்க வேண்டும் என்று ஷட்டரை மேலே தள்ளிவிட்டுப் பணிப்பெண் நகர்ந்ததும், சடாரென்று கீழே இழுத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

விமானம் பின்னால் நகர்ந்தது, நின்றது. ஜன்னலக்கா மஞ்சள் துணியை விரித்துக் கண்ணாடியில் ஒட்டினாள். வெளியே தீயணைக்கும் வண்டி நின்றது. சுமை ஏற்றும் ஒரு பையன் கொட்டாவி விட்டான். கைகாட்டியைக் காணோம்.

"வரலையோ?" என்றேன்.

"வேலையை விட்டுட்டு அவர் எங்க போவாரு?" அவள் நெற்றி கண்ணாடியில் முட்டியிருந்தது. சட்டென்று நிமிர்ந்தாள். "வலது பக்கம்னு சொன்னாருல்லடி. அவர் எங்க நின்னு பார்க்கிறவரு?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நாங்கள் பின்படி வழியாக ஏறி, விமானத்தின் மூக்கைப் பார்த்து வேலை செய்கிறவர்கள். கைகாட்டியோ காலமெல்லாம் அந்த மூக்குக்கு எதிரே நின்றவர். அவருடைய வலது எங்களுக்கு இடது. இத்தனை வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்த புருஷனும் பெண்டாட்டியும் இதை ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

இடது பக்கம் அந்த ஜன்னல் மூடியிருந்தது. பெல்ட்டைக் கழற்றி எழுந்து ஓடலாம். ஜன்னலக்கா அதைச் செய்ய மாட்டாள், அவளும் விமானத்தில் வேலை செய்கிறவள், கிளம்பும்போது எழக் கூடாது என்று தெரிந்தவள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். "சார். ஷட்டரைத் திறங்க சார்."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "நான் கேட்டப்ப நீங்க இறக்கினீங்களா?"

"இறக்கலை. திரும்பக் கேட்டாலும் இறக்கியிருக்க மாட்டேன். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நிக்கிறாரு சார். ஒரு வருஷத்துக்கு அவரைப் பார்க்க முடியாது. என்னை மனசார அனுப்புறாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். திறங்க."

கெஞ்சலா அதட்டலா என்று எனக்கே விளங்கவில்லை. அந்த மனிதர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். ஷட்டரை மேலே தள்ளினார். நான் அவரை மனதுக்குள் வைத வசவையெல்லாம் அப்போதே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அவள் மஞ்சள் துணியைச் சுருட்டி வீசினாள். அது நடைபாதையைத் தாண்டி அவர் மடியில் விழுந்தது. "அதைக் கண்ணாடியில விரிச்சுப் பிடிங்க."

பிடித்தார். எங்கள் இடத்திலிருந்து அந்த ஜன்னலில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. "யார் நிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் நிக்கிறார். ஒல்லியா. விமானி பக்கம் கையைத் தூக்கிக் காட்டுறார்."

"அப்புறம்?"

"கையை இறக்கிட்டார். திரும்பிப் போறார்."

ஜன்னலக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் நெளிந்தது.

"இருங்க, நின்னுட்டார்" என்றார் அவர். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார். "துணியைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார். குழம்புறார்மா. ஆங்... ஆட்டுறார். ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுறார்."

"நீங்களும் ஆட்டுங்க சார். எனக்காக."

கழுத்துத் தலையணையோடு அந்த மனிதர் ஆட்டினார். தூக்கமெல்லாம் எங்கே போனதோ, குழந்தை மாதிரி ஆட்டினார். ஜன்னலக்கா அப்போதுதான் அழுதாள்.

மேலே ஏறியதும் சொன்ன சொல் தவறாமல் தன் ஷட்டரை இறக்கினாள். விமானம் கீழே இறங்கத் தொடங்கியதும் தூக்கிவிட்டு, தரையில் நிற்கும்வரை நெற்றியை எடுக்கவில்லை. அந்த மனிதர் துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியில் அவள் நெற்றித் தடம் பளிச்சென்று இருந்தது. துடைக்கப் போன கையை நிறுத்தினாள்.

"இருக்கட்டும். இதைத் துடைக்க வர்றது நம்ம ஆளுங்கதானே. ஒழுங்காத் துடைக்கிறாங்களான்னு பார்க்கிறேன்" என்றாள்.

வெளியே வந்ததும் கைகாட்டியின் போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

"யாருடி அந்தத் தடியன்? இத்தனை வருஷ வேலையில மொதல் தடவையாக் கையாட்டியிருக்கேன், அது முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு. ஊரே சிரிக்குது."

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"சரி விடு. நல்லபடியா வேலையைப் பாரு" என்றார். "திரும்பி வர்றப்ப எந்தப் பக்கம் வேணும்னாலும் உட்காரு. வர்ற விமானத்துக்கு நான் நேர் எதிர்லதான் நிப்பேன்."