ஐந்து பிள்ளைகளும் ஒரு புள்ளியும்

நண்பரே, இன்று காலை புது மடிக்கணினியில் இயங்குதளம் நிறுவினேன். கணினிக்கு என்ன பெயர் என்று கேட்கும் கட்டத்துக்காக நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தேன். அதுவோ தனக்குத் தானே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு அடுத்த திரைக்குப் போய்விட்டது. அந்த ஏமாற்றம், புதுப் பெயின்டும் சாம்பிராணியும் மணந்த ராஜகீழ்ப்பாக்கத்து மாடியொன்றில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

விளைநிலத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த முனுசாமி அண்ணன், அந்த மாடியில் தேர்வுப் பயிற்சி மையம் தொடங்கினார். ஐந்து கணினிகளை அமைக்கும் பொறுப்பு எனக்கும் தோழன் பாஸ்கருக்கும். அதுதான் என் முதல் வேலை. கல்லூரி மேடைதோறும் சுழற்கோப்பை வென்ற வாய்க்குக் கணினி எம்மாத்திரம் என்பது என் எண்ணம்.

நிறுவும்போது கணினிகள் பெயர் கேட்டன. "நம்ம பசங்க பேரே வச்சிடு" என்றார் அண்ணன். செல்வம், கோமதி, பாபு, தேவி, சாந்தி என அவர் தம் ஐந்து பிள்ளைகளின் பெயரைச் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"இன்ஷியல் எங்க தம்பி? அப்பன் பேரு தெரியாத புள்ளைங்களா இன்னா?"

ஐந்துக்கும் முன்னால் ஆங்கில 'எம்' இட்டு, முறைப்படி புள்ளியும் வைத்தேன்.

மறுநாள் திறப்பு விழா. மாதிரித் தேர்வின் வினாத்தாள் செல்வம் என்ற கணினியிடம் இருந்தது. மற்ற நான்கும் அதை வலைப்பின்னல் வழியே எடுக்கவேண்டும். எடுக்கவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினோம்; முகவரி எண்களைச் சரிபார்த்தோம். குறையேதும் இல்லை. வலைப்பட்டியலில் மட்டும், ஐந்து பெயர் நிற்கவேண்டிய இடத்தில் 'எம்' என்று ஒன்றே நின்றது.

"அஞ்சும் தன் பேரு 'எம்'னே சொல்லுதுடா மச்சான்" என்றான் பாஸ்கர். "இன்ஷியலைத் தூக்கிடலாம்."

அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. "இன்ஷியல எடுக்கறதுன்னா மிஷினயும் எடுத்துகினு கெளம்புங்க. வேற ஆள் கீது."

முதல் வேலை பறிபோகும் வேளை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையிலெடுத்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முழங்கினேன். "ஐயா, தந்தையின் பெருமை ஓரெழுத்தில் அடங்குமா? தங்கள் மக்களை மறைத்து நிற்பது தந்தையின் எழுத்தன்று. அதனருகே ஒண்டியிருக்கும் அற்பப் புள்ளியே!" புள்ளியை ஓசைக்காகத்தான் சேர்த்தேன்.

"இப்ப என்ன சொன்ன? திரும்பச் சொல்லு" என்றான் பாஸ்கர்.

பாராட்டுகிறான் என்றெண்ணி, குரலை உயர்த்தி மீண்டும் முழங்கினேன்.

"அதான்டா. மிஷின் புள்ளி வரைக்கும்தான் பேருன்னு எடுத்துக்குது. புள்ளியை எடு, இன்ஷியல் இருக்கட்டும்."

மாடிப்படியேறி வந்த விருந்தினர்கள், அதுவே தொடக்கவுரை என்று நினைத்துக் கைதட்டினார்கள். புள்ளியை நீக்கிக் கணினிகளை மறுபடி இயக்கினோம். எம்செல்வம், எம்கோமதி என்று ஐவரும் திரையில் எழுந்தார்கள். அண்ணன் விரல் வைத்து ஒவ்வொருவராகப் படித்தார். வினாத்தாளும் வந்தது, வேலையும் நிலைத்தது.

இன்று அந்த மாடியில் பல் மருத்துவமனை. தேர்வுப் பயிற்சி கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. பிள்ளைகளும் துபாய், ஓசூர், படப்பை என்று ஆளுக்கொரு திசை. ஒருவரை ஒருவர் தேட, ஐவரும் ஒரே நொடியில் பதில் சொன்ன இடம் அந்தத் திரை ஒன்றுதான்.