கொள்ளி வைக்காத கை

கார்மேகத்துக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. வளைகுடா நாட்டில், முசஃபாவில் ஒரு தச்சுப்பட்டறையில் ஒன்பது வருஷமாகக் கதவு செய்துவந்த பரமக்குடிக்காரர் அவர்.

2001 நவம்பரில் அவர் அப்பா இறந்துபோனார். மனைவி வடிவு பட்டறை ஆபீசுக்குப் போன் செய்தாள். எடுத்தவன் ஃபோர்மேன் சேதுமாதவன், பாலக்காட்டுக்காரன். மூத்த மகன் வருவான் என்று ஊரில் ஒன்றரை நாள் உடலை வைத்துக் காத்திருந்தார்கள். இந்தப் புண்ணியவான் கையிலிருந்த டெலிவரி முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் சாவகாசமாகச் சொன்னான்: "அன்னைக்கே சொன்னா பணி நிக்கும் கார்மேகம், அதான்."

அதற்குள் தங்கை புருஷன் கொள்ளி வைத்துவிட்டான். கார்மேகம் தலையை மட்டும் ஆட்டினார். படமெடுக்காத பாம்பைச் செத்த பாம்பு என்று நினைத்தான் சேதுமாதவன்.

ஜனவரியில் மழை பெய்து குளிர் இறங்கியது. குளிரில் கதவு மூட்டுகளில் போட்ட பசை இறுகாது. அதற்காகவே கார்மேகம் பழைய ஆயில் டிரம்மை வெட்டிக் குழாய் வைத்து அடுப்பாக்கியிருந்தார். சரக்கோடு வந்திறங்கும் ஈரமான பேலட் கட்டைகளைப் புகையாமல் எரியவைக்க அவர் ஒருவருக்குத்தான் கைவரும்.

ஓர் அரபி வீட்டுக்கு மறுநாள் பன்னிரண்டு கதவு போக வேண்டும். தப்பினால் தன் வேலையே போகட்டும் என்று முதலாளியிடம் சவடால் அடித்திருந்தான் ஃபோர்மேன். அன்று காலை கார்மேகம் அடுப்புப் பக்கமே போகவில்லை. மற்றவர்கள் பற்றவைத்துப் பார்த்து, புகையில் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"கார்மேகம், ரெண்டு கொள்ளி வெய்க்கு. ஜல்தி" என்றான் சேதுமாதவன். அவனுக்குக் கொள்ளி என்றால் விறகு. தமிழ் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

"கொள்ளி வைக்க வரச்சொல்லித்தான் அன்னைக்குப் போன் வந்துச்சு. நீங்க விடல. எங்க ஊர்ல உசுரோட இருக்கவுகளுக்குக் கொள்ளி வைக்கிறதில்ல சேட்டா."

மறுநாள் அரபியின் வாசலில் இறக்கும்போதே முதல் கதவு மூட்டு விட்டுக் கழன்றது. முதலாளி ஃபோர்மேனிடம் ஒரே வார்த்தை சொன்னார்: கலாஸ். முடிந்தது, வேலை போச்சு.

சேதுமாதவன் பெட்டியோடு கிளம்பிய காலையில் டிரம் கணகணவென்று எரிந்தது. அப்பாவுக்கு வைக்காதது வைக்காததுதான். ஆனாலும் கார்மேகத்தின் வயிறு குளிர்ந்திருந்தது. வண்டிக்குக் காத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவன் மெல்ல வந்து நெருப்பில் கை நீட்டினான்.

"தள்ளிக்கங்க சேட்டா" என்றார் கார்மேகம். "பணி நிக்கும்."